எஃகுத் தகட்டுப் போட்டிக்கு ரிவால்வர்: கையால் நிரப்பிய தோட்டாவைத் தேர்ந்தெடுக்கும் வழி

டைமர் ஒலிக்கிறது. முதல் தகடு 'டிங்', இரண்டாவது 'டிங்', மூன்றாவது 'டிங்'. நான்காவது தகட்டில் முன்குறி அசையாமல் நிற்கிறது, விசையை முழுதாக இழுக்கிறீர்கள். 'க்ளிக்' என்ற சத்தம் மட்டும் வருகிறது. ரிவால்வரில் மறுபடி இழுத்தால் அடுத்த அறை வந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் அதற்குள் கண் தகட்டை விட்டுத் துப்பாக்கிக்கு வந்துவிடும், கை பிடித்திருந்த தாளமும் போய்விடும். நான் புதிதாகப் போட்டிக்குப் போன காலத்தில் ஒரே நாளில் இப்படி நான்கு முறை ஆனது. துப்பாக்கியில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டு வீடு திரும்பினேன். மிச்சமிருந்த தோட்டாக்களை மேசையில் நிமிர்த்தி வைத்துப் பார்த்தபோது அவற்றில் சில ஆடின. ப்ரைமர் முழுதாக உள்ளே போகாமல் அடியில் துருத்திக்கொண்டிருந்தது. அவற்றை நிரப்பியவன் நான்தான்.

அன்றிலிருந்து புதியவர்கள் யார் கேட்டாலும் ஒன்றைத்தான் முதலில் சொல்கிறேன். "எந்தத் தோட்டாவுக்கு உதை குறைவு?" என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். எது ஒவ்வொரு முறையும் வெடிக்கும், எது தடங்கல் இல்லாமல் சிலிண்டருக்குள் இறங்கும் என்று முதலில் பாருங்கள். துல்லியமும் மென்மையும் அதற்கு அடுத்த வரிசைதான்.

சொற்களை முதலிலேயே தெளிவுபடுத்திவிடுகிறேன். தோட்டா என்றால் முழுப் பொருள். அதில் பித்தளைக் கூடு, கூட்டின் அடியில் ப்ரைமர், உள்ளே பவுடர், மேலே குண்டு. ஹாமர் என்னும் சுத்தி தட்டியதும் ப்ரைமர் வெடித்துப் பவுடரைப் பற்றவைக்கும். பறந்து போய்த் தகட்டில் படுவது குண்டு மட்டுமே. ரிவால்வரில் சுழலும் உருளைதான் சிலிண்டர், அதில் தோட்டா இறங்கும் ஒவ்வொரு துளையும் ஓர் அறை.

தொடங்கும் முன்

நீங்கள் இருக்கும் இடத்தில் தோட்டாவைக் கையால் நிரப்புவதற்கு உரிமம் வேண்டுமா, பவுடரும் ப்ரைமரும் எவ்வளவு வைத்துக்கொள்ளலாம் என்பதை முதலில் விசாரியுங்கள். நாட்டுக்கு நாடு சட்டம் மாறும்.

அடுத்தது, பிறர் நிரப்பிய தோட்டா. சுடுதளத்தில் நல்ல மனசுள்ள ஒருவர் ஒரு பை தோட்டாவை நீட்டி, "என்னுடையதைப் போட்டுப் பாருங்களேன்" என்பார். நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். அவர் தன் துப்பாக்கிக்கு ஏற்ப நிரப்பியிருக்கிறார். அதற்குள் என்ன இருக்கிறது என்பது அவர் மேசைக்கு மட்டுமே தெரியும். நீங்களே நிரப்பியது, அல்லது உரிமம் பெற்று விற்பவர்கள் பெட்டியில் விவரம் அச்சிட்டுத் தருவது, இந்த இரண்டில் ஒன்றைத்தான் உங்கள் சிலிண்டரில் போட வேண்டும்.

படி 1: எந்தப் போட்டி என்று முடிவு செய்யுங்கள்

எஃகுத் தகடு சுடும் போட்டிகள் எல்லாம் ஒன்றல்ல. ஸ்டீல் சேலஞ்ச் 1981-ல் கலிஃபோர்னியாவில் தொடங்கியது. அதில் எட்டு ஸ்டேஜ்கள், அதாவது தகடுகள் வெவ்வேறு விதமாக நிற்கும் எட்டுக் கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து தகடுகள், அவற்றில் ஒன்று கடைசியாகச் சுட வேண்டிய நிறுத்தத் தகடு. பெரும்பாலான ஸ்டேஜ்களில் ஐந்து முறை சுடுவீர்கள், அதில் சிறந்த நான்கு நேரங்கள் கணக்கில் வரும். அவுட்டர் லிமிட்ஸ் என்ற ஸ்டேஜில் மட்டும் நான்கு முறை சுட்டு மூன்றை எடுப்பார்கள். ஒரு தகடு தப்பினால் 3 விநாடி அபராதம். தகடுகள் ஏறக்குறைய 7 கஜத்திலிருந்து 35 கஜம் வரை நிற்கும். அவை விழ வேண்டியதில்லை, பட்டால் போதும்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தகடுகூடத் தப்பாமல் எட்டு ஸ்டேஜையும் முடிக்க 195 தோட்டா வேண்டும். நூற்றுக்கு ஒன்று வெடிக்காமல் போனால் ஒரு போட்டியில் ஏறக்குறைய இரண்டு தடவை 'க்ளிக்' கேட்கும். ஆறு அறை ரிவால்வரில் ஐந்து தகடு போகக் கையில் மிஞ்சுவது ஒரே ஒரு தோட்டா. ஒன்று வெடிக்காமல், இன்னொன்று தகட்டைத் தவறவிட்டால் அந்தச் சுற்று முடிந்தது. எட்டு அறை வைத்திருப்பவருக்கு மூன்று மிஞ்சும். ஆறு அறைக்காரர்கள் தோட்டாவின் நம்பகத்தன்மையில் இன்னும் கறாராக இருக்க வேண்டியது இதனால்தான்.

இப்போது பவர் ஃபேக்டர். குண்டின் எடையைக் கிரெயின் என்னும் சிறிய எடை அளவில் எடுத்து, அதன் வேகத்தை விநாடிக்கு இத்தனை அடி என்று எடுத்து, இரண்டையும் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் வருவது. ஸ்டீல் சேலஞ்சில் இதற்குக் குறைந்தபட்ச எல்லை இல்லை. ரிவால்வர்காரர்களுக்காகவே நடக்கும் ஐகோர் போட்டிகளில் 120 வேண்டும். யூஎஸ்பிஎஸ்ஏ என்னும் அமெரிக்க அமைப்பின் ரிவால்வர் பிரிவில், மைனர் என்னும் குறைந்த வலிமை வகைக்கு 125. பியான்கி கப்பில் 8 அங்குலத் தகடுகள் ஆறு வரிசையாக நிற்கும், 10, 15, 20, 25 கஜத்திலிருந்து சுட வேண்டும், தகடு விழுந்தால்தான் கணக்கு. அங்கேயும் 120. விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், போகப் போகிற போட்டியின் இப்போதைய விதிநூலை ஒரு முறை படித்துவிடுங்கள்.

ஒரே எண்ணைப் பல வழியில் எட்டலாம். 158 கிரெயின் குண்டு 800 அடி வேகத்தில் போனால் 126.4. 147 கிரெயின் 860 அடியில் போனாலும் 126.4. 125 கிரெயினுக்கு அதே எண் வேண்டுமானால் 1010 அடிக்கு மேல் போக வேண்டும். காகிதத்தில் மூன்றும் ஒன்றுதான், கையில் மூன்றும் வேறு வேறு. கனமான குண்டு மெதுவாகத் தள்ளும், இலேசான குண்டு சுளீர் என்று அடிக்கும். பெரும்பாலான ரிவால்வர்காரர்கள் கனமான பக்கம் சாய்வதற்குக் காரணம் இதுதான். நானும் அந்தப் பக்கம்தான்.

படி 2: கூடு

.357 மேக்னம் ரிவால்வர் வைத்திருந்தால் .38 ஸ்பெஷல் என்னும் குட்டையான தோட்டாவையும் அதில் சுடலாம். .38 ஸ்பெஷல் கூடு 29.3 மில்லிமீட்டர், .357 கூடு 32.8 மில்லிமீட்டர். பலர் .38 கூட்டையே எடுக்கிறார்கள். பித்தளை எளிதாகக் கிடைக்கும், நிரப்பும் விவரங்கள் ஏராளம், மென்மையான தோட்டாவுக்கு அதுவே போதும். ஒரு தொல்லை மட்டும் உண்டு. குட்டையான கூட்டையே சுட்டுக்கொண்டிருந்தால் அறைக்குள் கூட்டின் வாய் முடியும் இடத்தில் கரி வளையமாகப் படியும். பிறகு ஒரு நாள் .357 போட்டால் அது முழுதாக இறங்காது. அறைகளைப் பிரஷ் போட்டுத் தேய்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

மூன் கிளிப் (எல்லாத் தோட்டாவையும் சேர்த்துப் பிடித்து ஒரே தடவையில் சிலிண்டரில் போட உதவும் மெல்லிய உலோகத் தகடு) போடும் எட்டு அறைத் துப்பாக்கிகளில் .38 ஷார்ட் கோல்ட் கூட்டைப் பலர் விரும்புகிறார்கள். அது 19.4 மில்லிமீட்டர்தான், அதனால் கிளிப்பில் மாட்டினால் ஆடாது, சட்டென்று இறங்கும், சுட்ட பிறகு சட்டென்று வெளியேறும். ஆனால் உள்ளே இடம் மிகக் குறைவு, குண்டைக் கொஞ்சம் ஆழமாக அழுத்தினாலே அழுத்தம் எகிறும். நிரப்புவதில் முதல் வருடத்தில் இருப்பவர்களுக்கு இதை நான் சொல்வதில்லை.

எந்தக் கூடானாலும் ஒரே தயாரிப்பாளரின் கூடுகளாகப் பிரித்து வையுங்கள். மூன் கிளிப் போடுகிறவர்களுக்கு இது கட்டாயம். கூட்டின் விளிம்புக்கு மேலே உள்ள பள்ளம் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். ஒன்று கிளிப்பில் தளதளவென்று ஆடும், இன்னொன்று கிளிப்பையே வளைத்துவிடும். வளைந்த கிளிப் சிலிண்டரைச் சுழலவிடாது, விசை கல்லாகக் கனக்கும். .45 ஏசிபி ரிவால்வர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதில் பெரிய ப்ரைமர் கூடும் உண்டு, சின்ன ப்ரைமர் கூடும் உண்டு. கலந்து கிடந்தால் தோட்டா நிரப்பும் கருவியான பிரஸ் நடுவேலையில் மாட்டிக்கொள்ளும்.

படி 3: ப்ரைமர், இங்கேதான் போட்டி முடிவாகிறது

தொழிற்சாலையிலிருந்து வரும் ரிவால்வரின் டபுள் ஆக்ஷன் இழுவை (விசையை இழுப்பதே ஹாமரைப் பின்னுக்குக் கொண்டுபோய் விடுவிக்கும் முறை) பொதுவாக 10 முதல் 12 பவுண்டு இருக்கும். போட்டிக்காரர்கள் அதை 6, 7 பவுண்டு வரை இறக்குவார்கள், சிலர் இன்னும் கீழே. இழுவை இலேசானால் வேகமாகச் சுடலாம், குறியும் கலையாது. ஆனால் விசையை இலேசாக்க மெயின் ஸ்பிரிங்கைத் தளர்த்தினால் ஹாமர் அடிக்கும் அடியும் இலேசாகிவிடும். இலேசான அடிக்கு வெடிக்கிற ப்ரைமர் வேண்டும் என்ற கட்டாயம் இப்படித்தான் வருகிறது.

ரிவால்வர் உலகில் இதற்குப் பெயர் பெற்றது ஃபெடரல் ப்ரைமர். அதன் கிண்ணம் மென்மை, குறைந்த அடிக்கும் வெடிக்கும் என்பது நெடுநாள் அனுபவம். சிசிஐ ப்ரைமர் கடினம் என்று பேர். அது தரக்குறைவு அல்ல, முழு வலிமை ஸ்பிரிங் உள்ள துப்பாக்கியில் அது அருமையாக வேலை செய்யும். ரைஃபிள் ப்ரைமரின் கிண்ணம் இன்னும் தடிப்பு. அளவு பொருந்துகிறதே என்று அதை இலேசாக்கிய ரிவால்வரில் போட வேண்டாம்.

புதியவருக்கு நான் சொல்லும் வரிசை இது: எந்த ப்ரைமர் உங்களுக்குத் தொடர்ந்து கிடைக்கும் என்று முதலில் பாருங்கள். அதற்கு ஏற்றபடி ஸ்பிரிங்கை வையுங்கள். தலைகீழாகச் செய்பவர்கள்தான் அதிகம். விசையை வெண்ணெய் மாதிரி ஆக்கிவிட்டு, பிறகு ஒரே ஒரு வகை ப்ரைமரைத் தேடி அலைவார்கள். அது கடையில் இல்லாத மாதம் போட்டியே இல்லை. அரை பவுண்டு கூடுதலாக இருந்தாலும் எதைப் போட்டாலும் வெடிக்கும் துப்பாக்கி மேல்.

சரி, ப்ரைமரை வாங்கியாயிற்று. அதை எப்படி உட்கார வைக்கிறீர்கள் என்பது எந்த ப்ரைமர் என்பதைவிட முக்கியம். ப்ரைமர் கூட்டின் குழியின் அடித்தளத்தைத் தொட்டு அழுந்தி உட்கார வேண்டும். கூட்டின் அடிப்பரப்பைவிட ஓர் இழை தாழ்ந்து, ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் 3 முதல் 5 பங்கு உள்ளே இருக்க வேண்டும். அப்படி இல்லாமல் துருத்திக்கொண்டிருந்தால் இரண்டு கெடுதல். ஹாமரின் முதல் அடி ப்ரைமரை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிடும், வெடிக்காது. அதோடு, துருத்தியிருக்கும் ப்ரைமர் துப்பாக்கியின் பின்சட்டத்தில் உரசி சிலிண்டரையே பிடித்து நிறுத்தும்.

சோதனை எளிது. கண்ணாடித் தட்டின் மேல் ஒவ்வொரு தோட்டாவையும் நிமிர்த்தி வையுங்கள். ஆடினால் அது போட்டிக்கு ஆகாது. விரல் நுனியால் அடியைத் தடவினாலும் தெரியும். நான் ப்ரைமரை மட்டும் கைக்கருவியால் தனியாக உட்கார வைக்கிறேன். நேரம் கூடுதலாகும். ஆனால் ஒவ்வொன்றும் அடித்தளத்தில் போய் நிற்பதைக் கை உணரும். பெரிய பிரஸ்ஸில் நெம்புகோலை வேகமாகத் தள்ளும்போது அந்த உணர்வு கிடைப்பதில்லை.

தோட்டா வெடிக்காமல் போனால் அது உங்களுக்கு ஒரு தகவல். அதே தோட்டா இரண்டாவது அடியில் வெடித்தால் ப்ரைமர் சரியாக உட்காரவில்லை, அல்லது அடி போதவில்லை. மூன்று அடிக்கும் வெடிக்கவில்லை என்றால் ப்ரைமர் கெட்டிருக்கலாம், எண்ணெயோ ஈரமோ பட்டிருக்கலாம். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வரில் பிடியின் முன்பக்கம் மெயின் ஸ்பிரிங்கை அழுத்தும் திருகு ஒன்று இருக்கிறது. சுடச்சுட அது தளர்ந்துபோவதும் உண்டு. தோட்டாவைச் சந்தேகிக்கும் முன் அதையும் பாருங்கள். பயிற்சியில் 'க்ளிக்' கேட்டால் துப்பாக்கியின் வாயைத் தகட்டுப் பக்கமே வைத்துக்கொண்டு அரை நிமிடம் காத்திருங்கள். தாமதமாக வெடிப்பது இக்காலத்தில் மிக அரிது, ஆனாலும் காத்திருப்பதில் ஒன்றும் குறையாது.

படி 4: குண்டு

எஃகுக்கு ஈயம் உகந்தது. பூச்சு போட்ட ஈயக் குண்டு அதைவிட உகந்தது. மெழுகு தடவிய வெறும் ஈயம் புகையை எழுப்பும். காற்றில்லாத நாளில் மூன்றாவது தகடு புகைக்குப் பின்னால் மறைந்துவிடும். பாலிமர் பூச்சுள்ள குண்டு புகையைக் குறைக்கும், குழலில் ஈயம் படிவதைக் குறைக்கும், நிரப்பும்போது கையில் ஈயம் ஒட்டுவதையும் குறைக்கும். செம்பு உறை போட்ட குண்டு தகட்டில் பட்டுச் சிதறும்போது உறை கூரிய துண்டுகளாகக் கிழிந்து பறக்கும். எஃகு உள்ள குண்டையோ துளைக்கும் வகைக் குண்டையோ தகட்டுப் போட்டிக்கு எடுத்துப் போகவே கூடாது. காந்தம் வைத்துப் பார்த்து, ஒட்டினால் ஒதுக்கிவிடுங்கள்.

சிதறல் எந்தக் குண்டிலும் இருக்கும். தட்டையான, கடினமான, பள்ளம் விழாத தகட்டில் ஈயம் தூளாகிப் பக்கவாட்டில் விசிறும். குழி விழுந்த பழைய தகடு அதைத் திருப்பிச் சுட்டவர் பக்கமே அனுப்பும். தகட்டின் மேல்பக்கம் உங்களை நோக்கிச் சற்றுச் சாய்ந்திருந்தால் சிதறல் தரைக்குப் போகும். பாதுகாப்புக் கண்ணாடி சுடுபவருக்கு மட்டுமல்ல, பின்னால் நின்று பார்ப்பவருக்கும் வேண்டும்.

எடை விஷயத்தில் .38-க்கு 158 கிரெயின் உருண்டை மூக்குக் குண்டிலிருந்து தொடங்குங்கள். உருண்டை மூக்கு அறையின் வாயைத் தானாகத் தேடிப் போய் இறங்கும். ஐகோர் மாதிரி நேரம் ஓடும்போதே மறுபடி தோட்டா போட வேண்டிய போட்டிகளில் இது பெரிய வித்தியாசம். வாட்கட்டர் என்னும் தட்டைத் தலைக் குண்டு காகித இலக்கில் மிகத் துல்லியமானது. ஆனால் அதன் விளிம்பு அறை வாயில் முட்டி நிற்கும். ஸ்டீல் சேலஞ்சில் மட்டும் ஆடுவதானால் அதைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். அங்கே சுற்றுகளுக்கு நடுவில் நிதானமாகத்தான் தோட்டா போடுகிறோம்.

குண்டின் விட்டம் உங்கள் சிலிண்டருக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பதைப் புதியவர்கள் விட்டுவிடுவார்கள். காலியான சிலிண்டரைக் கழற்றி, முன்பக்கத்திலிருந்து குண்டை ஒவ்வொரு அறையின் வாயிலும் வையுங்கள். விரலால் அழுத்தினால் இறுக்கமாக வழுக்கிப் போக வேண்டும். பொத்தென்று விழுந்தால் குண்டு சிறிது. வெடிக்கும்போது சூடான வாயு அதன் ஓரமாகப் பீறிட்டு ஈயத்தை உருக்கிக் குழலில் பூசும், துல்லியமும் போகும். தட்டினால்தான் போகிறது என்றால் குண்டு பெரிது. .38-க்கு ஈயக் குண்டு பெரும்பாலும் .358 அங்குலத்தில் வரும். உங்கள் துப்பாக்கி எதைக் கேட்கிறது என்பதை அறைகளே சொல்லும்.

படி 5: பவுடர்

இங்கே நான் கிரெயின் அளவு எதையும் எழுதப் போவதில்லை. பவுடர் தயாரிப்பாளர்கள் வெளியிடும் கையேட்டில் உங்கள் குண்டு, உங்கள் கூடு, உங்கள் பவுடர் மூன்றும் பொருந்தும் வரியைத் தேடி எடுத்து, அதிலுள்ள தொடக்க அளவிலிருந்து ஆரம்பியுங்கள். யாரோ சொன்ன அளவில் குண்டு எவ்வளவு ஆழம் உட்கார்ந்தது என்பது இருக்காது. ஆழம் மாறினால் அழுத்தம் மாறும். .38 ஸ்பெஷலின் உச்ச அழுத்தம் 17,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), .357-க்கு 35,000. ஒன்றுக்கான அளவை இன்னொன்றில் போடுவது எவ்வளவு ஆபத்து என்பதை இந்த இரண்டு எண்ணே காட்டும்.

மென்மையான தோட்டாவுக்கு வேகமாக எரியும் பவுடர்தான் பொருத்தம். டைட்குரூப், புல்ஸ்ஐ, ஹெச்பி-38, என்320 ஆகியவை பலரும் எடுப்பவை. குறைந்த அளவே போதும், உதை மென்மையாக வரும். ஆபத்தும் அதே குறைந்த அளவில்தான் இருக்கிறது. .38 ஸ்பெஷல் 1898-ல் கரும்பொடிக் காலத்தின் கடைசியில் வந்த கூடு. உள்ளே இடம் தாராளம். இன்றைய பவுடர் அதன் அடியில் கொஞ்சமாகக் கிடக்கும். தவறி இரண்டு முறை போட்டுவிட்டாலும் கூடு வழியாது, மேலோட்டமாகப் பார்த்தால் தெரியவும் தெரியாது. இரட்டை நிரப்பு சிலிண்டரைப் பிளந்துவிடும்.

அதனால் என் மேசையில் மூன்று பழக்கம் வைத்திருக்கிறேன். ஒரு நேரத்தில் ஒரே ஒரு பவுடர் டப்பாதான் வெளியே இருக்கும். பவுடர் போட்ட 50 கூடுகளையும் கட்டையில் வரிசையாக நிறுத்தி, டார்ச் அடித்து, எல்லாவற்றிலும் ஒரே மட்டம் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் குண்டை வைப்பேன். நடுவில் தொலைபேசி அடித்தால், கதவு தட்டினால், பிரஸ்ஸில் இருக்கும் கூட்டைக் கொட்டிவிட்டு அதை முதலிலிருந்து தொடங்குவேன். சேர்ந்து ஆடும் நண்பர் ஒருவர் இதைப் பார்த்து, "இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?" என்று கேட்டார். வேண்டும். கொஞ்சம் பருமனான, கூட்டை நிறைக்கும் பவுடரை எடுத்தால் இரட்டை நிரப்பு கண்ணுக்குத் தெரியும். முதல் வருடத்தில் அப்படிப்பட்டதைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. பவுடரே போடாமல் விட்டால் ப்ரைமர் மட்டும் குண்டைத் தள்ளிக் குழலில் சிக்கவைத்துவிடும். ஸ்டீல் சேலஞ்சில் பவர் ஃபேக்டர் எல்லை இல்லையே என்று அளவைக் கீழே கீழே இறக்குபவர்களுக்கும் இதே கதி நேரலாம். செம்பு உறை போட்ட குண்டு குழலில் அதிகம் உராயும், அதனால் குறைந்த அளவில் சிக்குவது அதுதான். மெதுவாகச் சுட விரும்பினால் ஈயமோ பூச்சு ஈயமோ மட்டும் எடுங்கள், கையேட்டின் குறைந்த அளவுக்குக் கீழே போகாதீர்கள். சத்தம் வழக்கத்தைவிட மெலிந்து 'பொப்' என்று கேட்டால், தகடும் ஒலிக்காவிட்டால், உடனே நிறுத்துங்கள். அடுத்த இழுப்பு சிக்கிய குண்டின் மேல் இன்னொரு குண்டைக் கொண்டுபோய் மோதும். அந்தச் சுற்று போனால் போகட்டும்.

அளவை அளவுக்கு மீறிக் குறைத்தால் இன்னொரு சின்னக் கெடுதலும் உண்டு. அழுத்தம் போதாமல் கூடு அறைச் சுவரோடு விரிந்து ஒட்டாது, புகைக்கரி பின்னால் கசிந்து அறைகளில் படியும். போட்டியின் பிற்பாதியில் தோட்டாக்கள் தாமாக இறங்காமல் தள்ளித் தள்ளிப் போட வேண்டிவரும்.

படி 6: க்ரிம்ப்பும் நீளமும்

ரிவால்வர் உதைக்கும்போது சிலிண்டரில் காத்திருக்கும் மற்றத் தோட்டாக்களின் கூடு பின்னால் போகும், குண்டு நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கும். பிடி தளர்ந்திருந்தால் குண்டு மெல்ல மெல்ல வெளியே வரும். அதன் மூக்கு சிலிண்டரைத் தாண்டி நீட்டிக்கொண்டால் சுழற்சி நின்றுவிடும். இதைத் தடுக்கத்தான் கூட்டின் வாயைக் குண்டின் பள்ளத்துக்குள் உருட்டி மடிக்கும் ரோல் க்ரிம்ப். மென்மையான தோட்டாவில் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் க்ரிம்ப் வேண்டும். கூட்டு வாயில் கூர்மையான விளிம்பு இருந்தால் அறைக்குள் இறங்கும்போது உரசும். நன்றாக மடிந்த வாய் வழுக்கிக்கொண்டு போகும்.

சோதிக்க ஒரு வழி: ஆறு தோட்டா போட்டு ஐந்தைச் சுடுங்கள். ஆறாவதை எடுத்து முதலில் அளந்த நீளத்தோடு ஒப்பிடுங்கள். வளர்ந்திருந்தால் க்ரிம்ப் போதாது.

படி 7: ஒவ்வொன்றையும் அறையில் போட்டுப் பாருங்கள்

போட்டிக்கு எடுத்து வைக்கும் ஒவ்வொரு தோட்டாவும் தன் எடையிலேயே அறைக்குள் விழ வேண்டும், விரலால் தள்ளக் கூடாது. இதற்கென்று அளவுக் கட்டைகள் விற்கிறார்கள். ஆனால் உங்கள் சிலிண்டரைவிட நம்பகமான அளவுக் கட்டை இல்லை. சிலிண்டரைத் துப்பாக்கியிலிருந்து கழற்றி மேசையில் வைத்துச் செய்யுங்கள். துப்பாக்கியோடு சேர்த்து வீட்டுக்குள் உயிருள்ள தோட்டாவைப் போட்டுப் பார்க்கும் வேலை வேண்டாம். அறைகளில் ஒன்று மற்றவற்றைவிடச் சற்று இறுக்கமாக இருக்கும். அதைக் கண்டுபிடித்து எப்போதும் அதிலேயே சோதியுங்கள், அதில் விழுந்தால் எல்லாவற்றிலும் விழும்.

படி 8: சுடுதளத்தில்

முதலில் 50 மட்டும் நிரப்பி எடுத்துப் போங்கள். ஆயிரத்தை நிரப்பிவிட்டுப் பிடிக்கவில்லை என்று உட்கார்ந்து பிரித்தவர்களை எனக்குத் தெரியும்.

க்ரோனோகிராஃப் என்னும் வேகமானியை வைத்துக் குண்டின் வேகத்தை அளந்து பாருங்கள். கையேட்டில் போட்டிருக்கும் வேகம் அவர்களுடைய சோதனைக் குழலுக்கானது. உங்கள் ரிவால்வரின் குழல் நீளமும், சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவிலுள்ள இடைவெளியும் வேகத்தை மாற்றும். 120 வேண்டிய இடத்தில் 121-ல் நிற்காதீர்கள், குளிரான காலை ஒன்று போதும் உங்களைக் கீழே இறக்க. 125-ஐ ஒட்டி வைத்துக்கொண்டால் நிம்மதி. கொஞ்சமான பவுடர் பெரிய கூட்டில் முன்னும் பின்னும் உருளும் என்பதையும் பாருங்கள். துப்பாக்கியின் வாயைத் தரைப்பக்கம் தாழ்த்தி மெதுவாக உயர்த்தி ஆறு சுடுங்கள். அடுத்த ஆறுக்கு, சுடுதள விதி அனுமதிக்கும் அளவுக்கு மட்டும் வாயை உயர்த்தித் தாழ்த்திச் சுடுங்கள். இரண்டு வேகத்துக்கும் நடுவில் பெரிய இடைவெளி இருந்தால் அந்தப் பவுடர் இந்தக் கூட்டுக்கு ஒத்துவரவில்லை.

பிறகு 25 கஜத்தில் காகிதத்தில் ஆறு சுடுங்கள், கையை எதன் மேலாவது ஊன்றிக்கொள்ளுங்கள். தூரத்துத் தகட்டைக் குறி விலகாமல் அடிக்கக் கொஞ்சம் துல்லியம் வேண்டும், அவ்வளவுதான். ஆறும் நான்கு அங்குலத்துக்குள் விழுந்தால் நான் அந்தத் தோட்டாவை ஏற்றுக்கொள்வேன். அதற்குக் கீழே இன்னும் சுருக்கப் பல மாதம் செலவழிப்பதைவிட அந்த நேரத்தில் விசைப் பயிற்சி செய்யலாம். குண்டின் எடையை மாற்றினால் படும் உயரமும் மாறும் என்பதை மறக்க வேண்டாம். கனமான, மெதுவான குண்டு பொதுவாக மேலே படும். குறியைத் திருத்திவிட்டு அதே எடையோடு நில்லுங்கள்.

மெதுவான குண்டு தகட்டைச் சேரத் தாமதமாகுமே என்று சிலர் கவலைப்படுவார்கள். 35 கஜத்தில் 700 அடி வேகத்துக்கும் 1000 அடி வேகத்துக்கும் வித்தியாசம் விநாடியில் ஏறக்குறைய நூற்றில் ஐந்து பங்கு. டைமர் பதிவு செய்வதோ துப்பாக்கிச் சத்தத்தை, தகட்டின் ஒலியை அல்ல. அந்தக் கவலை வேண்டாம்.

கடைசியாக, போட்டி வேகத்தில் 200 தோட்டா சுடுங்கள். ஒரு 'க்ளிக்' கூட வரக் கூடாது. வந்தால் படி 3-க்குத் திரும்புங்கள்.

போட்டி நாள்

195 வேண்டும் என்றால் 250-ஆவது கொண்டு போங்கள். எல்லாம் ஒரே தொகுதியில் நிரப்பியவையாக இருக்கட்டும். பெட்டியின் மேல் தேதி, குண்டு, பவுடர், ப்ரைமர், அளந்த வேகம் எழுதி ஒட்டுங்கள். பயிற்சித் தோட்டாவும் போட்டித் தோட்டாவும் ஒரே பையில் கலக்கக் கூடாது. கண்ணாடித் தட்டில் ஆடியவை, அறையில் தயங்கியவை எல்லாம் பயிற்சிப் பெட்டிக்குக்கூடப் போக வேண்டாம், குண்டைப் பிடுங்கும் கருவியால் பிரித்துப் பொருள்களை மீட்டுக்கொள்ளுங்கள். சுட்டு முடித்ததும் சாப்பாட்டைத் தொடும் முன் குளிர்ந்த நீரும் சோப்பும் போட்டுக் கை கழுவுங்கள், ஈயத்தூள் கண்ணுக்குத் தெரியாது.

ஒரு சின்ன நோட்டும் பையில் இருக்கட்டும். வெடிக்காத ஒவ்வொரு தோட்டாவுக்கும் அதில் ஒரு வரி: எந்த ஸ்டேஜ், எந்த அறை, இரண்டாவது அடியில் வெடித்ததா, ப்ரைமரில் பட்ட தடம் ஆழமா மேலோட்டமா. ஒரே அறை திரும்பத் திரும்ப வந்தால் துப்பாக்கியைப் பாருங்கள். அறை மாறி மாறி வந்தால் உங்கள் மேசையைப் பாருங்கள்.